முதலில் கவனிக்க வேண்டியது சூப்பர்வைசரை

திருப்பூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வயது 34. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாகிவிட்டதால், இரண்டு வருடமாகக் கம்பெனியை இவர்தான் நடத்துகிறார். ஏற்றுமதிக்காரர்களிடம் ஜாப் ஒர்க் எடுத்துப் பனியன் தைத்துக் கொடுக்கும் யூனிட். டெய்லர், செக்கிங், கைமடி, அயர்ன், பேக்கிங் எல்லாம் சேர்த்து 46 பேர். அதில் 28 பேர் பெண்கள். 14 பேருக்கு மட்டும் பி.எஃப்., இ.எஸ்.ஐ. இருக்கிறது. மற்றவர்கள் பீஸ் ரேட் ஆட்கள் (தைக்கும் பீஸ் கணக்கில் கூலி வாங்குகிறவர்கள்) என்பதால் தேவையில்லை என்று அப்பா காலத்திலிருந்தே விட்டுவிட்டார்களாம்.

அவருடைய மனக்குறை இது: "தன்மையாகப் பேசினால் ஏறி மிதிக்கிறார்கள், கண்டித்தால் அடுத்த வாரமே வேறு கம்பெனிக்குப் போய்விடுகிறார்கள்." திங்கட்கிழமை பாதிப் பேர் வருவதில்லை. பத்து நிமிடம் தாமதமானால் 100 ரூபாய் ஃபைன் என்று வைத்துப் பார்த்தார். சொல்லாமல் நின்றுவிடக் கூடாது என்பதற்காக எல்லோருக்கும் ஒரு வாரச் சம்பளத்தைப் பிடித்து வைத்திருக்கிறார். ஒடிசாவிலிருந்து வந்த ஒரு டெய்லர் தம்பதிக்கு 25,000 ரூபாய் முன்பணம் கொடுத்திருக்கிறார். அவர்கள் ஊருக்குப் போக வேண்டும் என்கிறார்கள். பணம் கழியும் வரை இருக்கட்டும் என்று இருவருடைய ஆதார் கார்டையும் சூப்பர்வைசர் வாங்கி மேஜையில் பூட்டி வைத்திருக்கிறார். கம்பெனி முழுக்கக் கேமரா வைத்து, வீட்டிலிருந்தே போனில் பார்க்கிறார். யாராவது சும்மா உட்கார்ந்திருந்தால் உடனே சூப்பர்வைசரைக் கூப்பிட்டுச் சொல்கிறார்.

இப்போது அவசரமாகக் கேட்பது ஒரு பெண் டெய்லரைப் பற்றி. ஒன்பது வருடமாக வேலை பார்ப்பவர். நான்கு மாதமாக வேலையில் வேகம் இல்லை, எல்லோர் முன்னாலும் சூப்பர்வைசரை எதிர்த்துப் பேசுகிறார். "கணக்கை முடித்து அனுப்பிவிடலாம், இல்லையென்றால் மற்றவர்களும் கெட்டுப்போவார்கள்" என்கிறார் சூப்பர்வைசர். சட்டப்படி அப்படி அனுப்பலாமா, ஆட்களைக் கட்டுப்பாட்டில் வைக்க வேறு என்ன செய்யலாம் என்பவை கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

படுத்திருக்கும் அப்பாவையும் பார்த்துக்கொண்டு, ஷிப்மென்ட் தேதிக்குள் பீஸ் கொடுத்து, சனிக்கிழமை தவறாமல் 46 பேருக்குச் சம்பளம் புரட்டுவது எவ்வளவு பெரிய பாரம் என்று எனக்குத் தெரியும். இரு தரப்புக்கும் தொழிலாளர் வழக்கு நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்களைப் போலச் சிக்கல் முற்றுவதற்கு முன்பே கேட்கிற முதலாளிகள் குறைவு. பெரும்பாலானவர்கள் நோட்டீஸ் வந்த பிறகுதான் வருவார்கள்.

உங்கள் கடிதம் நான்கு பக்கம். மூன்றரைப் பக்கம் தொழிலாளர்களைப் பற்றியது. சூப்பர்வைசரைப் பற்றி ஒரே ஒரு பத்தி. பதினேழு வருடமாக இருக்கிறார், அப்பாவுக்கு வலது கை, நீங்கள் சின்னப் பிள்ளையிலிருந்து அண்ணா என்று கூப்பிடுகிறவர். அதே பத்தியில் இன்னும் இரண்டு விஷயம் எழுதியிருக்கிறீர்கள். "வயசுப் பிள்ளைகள் பக்கத்தில் நின்று இரட்டை அர்த்தத்தில் ஏதாவது பேசுவார், அது அவர் சுபாவம்" என்று ஒன்று. "இந்த வருடம் இரண்டு பிள்ளைகள் காரணம் சொல்லாமல் நின்றுவிட்டார்கள்" என்று இன்னொன்று. இரண்டும் அடுத்தடுத்த வரிகள். என் பதிலின் பெரும்பகுதி அந்தப் பத்தியைப் பற்றித்தான் இருக்கும்.

லீவு கொடுப்பது அவர். மெஷின் ஒதுக்குவது அவர். ஆள் சேர்ப்பது, முன்பணத்துக்குச் சிபாரிசு செய்வது, ஃபைன் எழுதுவது, யாரை நிறுத்தலாம் என்று உங்களிடம் சொல்வது, எல்லாமே அவர். கம்பெனியில் என்ன விதி என்று உங்கள் டெய்லர் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள், "அண்ணன் சொல்றதுதான்" என்பார். ஒரே தவறுக்கு ஒருவருக்கு ஃபைன், இன்னொருவருக்கு இல்லை என்று நடக்கிற இடத்தில் கட்டுப்பாடு வராது. பயப்படுகிறவர்கள் சும்மா இருப்பார்கள், வேலை தெரிந்தவர்கள் வேறு கம்பெனி பார்ப்பார்கள். தொழிலாளர்கள் மாறிவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. நிர்வாகம் என்ற வேலையை நீங்கள் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, கேமராவை மட்டும் உங்கள் கையில் வைத்திருக்கிறீர்கள்.

ஆதார் கார்டுகளை இன்றே திருப்பிக் கொடுங்கள்

மற்றதெல்லாம் அப்புறம். இது காத்திருக்கக் கூடாது. அந்த மேஜைச் சாவியை நீங்களே வாங்கி, கார்டுகளை எடுத்து, அந்தத் தம்பதி கையில் நீங்களே கொடுங்கள். வேறு யாருடைய சான்றிதழாவது, பாஸ்புக்காவது உள்ளே இருந்தால் அதையும் சேர்த்து.

முன்பணம் கொடுத்திருக்கிறோம், ஒரு பிடி வேண்டாமா என்று கேட்கிறீர்கள். கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் 1976-லிருந்து இருக்கிறது. கொத்தடிமை என்றதும் செங்கல் சூளையும் அரிசி ஆலையும்தான் நம் மனதுக்கு வரும். சட்டம் இடத்தைப் பார்ப்பதில்லை. முன்பணத்தைக் காரணம் காட்டி ஒருவர் விரும்பிய இடத்துக்குப் போகவோ வேறு வேலைக்குப் போகவோ முடியாமல் தடுத்தால், அது எந்தத் தொழிலாக இருந்தாலும் கொத்தடிமை முறைக்குள் வந்துவிடும். நிரூபணமானால் மூன்று வருடம் வரை சிறைத் தண்டனை உண்டு. அதோடு, அந்தக் கடனே சட்டப்படி ரத்தாகிவிடும். 25,000 ரூபாய்க்காகக் கார்டைப் பிடித்தவர் அந்த 25,000-ஐக் கேட்கும் உரிமையையே இழந்துவிடுவார். கார்டு சூப்பர்வைசர் மேஜையில் இருந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

முன்பணத்தைத் திரும்பப் பெற நேரான வழி இருக்கிறது. சம்பளத்தில் தவணையாகப் பிடிக்கலாம். எல்லாப் பிடித்தமும் சேர்ந்து அந்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். எவ்வளவு கொடுத்தோம், வாரம் எவ்வளவு கழிக்கிறோம் என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்ட தாள் ஒன்று அவர்களிடமும் இருக்க வேண்டும், அவர்களுக்குப் படிக்கத் தெரிந்த மொழியில். நடுவில் போகிறேன் என்றால் கணக்குப் பார்த்துப் பேசுங்கள். தராமல் போனால் சிவில் கோர்ட்டில் வழக்குப் போடலாம். நடைமுறையில் 25,000 ரூபாய்க்கு யாரும் ஒடிசா வரை போய் வழக்கு நடத்தப் போவதில்லை என்பதும் உண்மைதான். அதனால்தான் இனிமேல் முன்பணத்தை இரண்டு மூன்று வாரச் சம்பளத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறேன். பெரிய முன்பணம் கொடுத்து ஆளைப் பிடித்துவைக்கும் பழக்கம் கொடுக்கிறவரையும் வாங்குகிறவரையும் சேர்த்தே கெடுக்கிறது.

ஃபைனும் பிடித்து வைத்த சம்பளமும்

2025 நவம்பர் 21 முதல் பழைய தொழிலாளர் சட்டங்கள் பலவற்றுக்குப் பதிலாக நான்கு சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. பயப்பட வேண்டாம், நீங்கள் கேட்டவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பழைய சட்டம் சொன்னதைத்தான் புதியதும் சொல்கிறது.

வாரச் சம்பளம் என்றால் அந்த வாரத்தின் கடைசி வேலை நாளில், வார விடுமுறைக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். ஒரு வாரச் சம்பளத்தை நிறுத்தி வைக்கும் வழக்கம் ஊரெல்லாம் இருக்கிறது என்கிறீர்கள். இருக்கிறதுதான். அது சட்டத்துக்கு எதிரானது என்பதும் மாறவில்லை. ஊதியச் சட்டத் தொகுப்பின்படி ஒருவர் தானாக நின்றாலும், நீங்கள் நிறுத்தினாலும், பாக்கிச் சம்பளம் இரண்டு வேலை நாளுக்குள் அவர் கைக்குப் போக வேண்டும். சொல்லாமல் போய்விட்டார் என்பதற்காக அந்தப் பணம் உங்களுடையதாகிவிடாது.

ஃபைன் விஷயத்திலும் ஒரு தப்பான எண்ணம் இருக்கிறது. முதலாளி நினைத்த தொகையை நினைத்த காரணத்துக்குப் போட முடியாது. எந்தெந்தத் தவறுக்கு ஃபைன் என்ற பட்டியலுக்கு அரசின் ஒப்புதல் வாங்கி, எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டியிருக்க வேண்டும். போடுவதற்கு முன் அவர் தரப்பைக் கேட்க வேண்டும். அந்தச் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வசூலான பணமும் தொழிலாளர் நலனுக்குத்தான் போக வேண்டும், கம்பெனி கணக்குக்கு இல்லை. தாமதத்துக்குத் தாமதமான நேரத்தின் கூலியை மட்டும் கழிக்கலாம். கணக்குக்காக ஒரு நாள் சம்பளம் 480 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், எட்டு மணி நேரத்துக்கு 480 நிமிடம். பத்து நிமிடத் தாமதத்துக்குப் பத்து ரூபாய். நீங்கள் பிடித்தது நூறு. அந்தத் தொண்ணூறு ரூபாயில் உங்கள் மேல் வரும் வெறுப்பு, பத்து நிமிட வேலை நஷ்டத்தைவிடப் பெரியது.

பிடித்து வைத்த வாரச் சம்பளத்தையும் ஃபைன் பணத்தையும் திருப்பிக் கொடுத்தால் ஆள் போய்விடுவார்கள் என்ற பயம் உங்களுக்கு இருக்கும். ஒரு சிலர் போகலாம். ஆனால் ஒரு வாரக் கூலியை விட்டுவிட்டாவது போனால் போதும் என்று நினைக்கிறவரை அந்த ஒரு வாரக் கூலியா நிறுத்தப் போகிறது? இதுவரை நின்றவர்கள் எல்லோரும் அதை விட்டுவிட்டுத்தானே போயிருக்கிறார்கள்.

திங்கட்கிழமை

இதற்குக் காரணத்தைத் தேட வேண்டியதே இல்லை, உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. தினமும் காலை எட்டரைக்கு ஆரம்பித்து இரவு எட்டரை வரை ஒன்றரை ஷிப்ட். ஷிப்மென்ட் நெருங்கினால் சனிக்கிழமை விடிய விடிய. ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை. இப்படி ஓடிய ஒரு பெண் ஞாயிறு மாலைதான் துணி துவைத்து, சந்தைக்குப் போய், பிள்ளைகளைப் பார்க்கிறார். திங்கட்கிழமை அவருக்கு உடம்பு எழ வேண்டாமா?

சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்கிறது. அதற்கு மேல் வாங்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் இரண்டு மடங்குக் கூலி. எட்டு மணி நேரத்துக்கு ஒரு ஷிப்ட், அடுத்த நான்கு மணி நேரத்துக்கு அரை ஷிப்ட் என்று திருப்பூர் போடும் கணக்கில் அந்த இரண்டு மடங்கு எங்கேயும் இல்லை. ஓவர்டைமுக்கு அவர் சம்மதமும் வேண்டும். பீஸ் ரேட்டில் இருப்பவருக்கும் குறைந்தபட்ச ஊதியம் பொருந்தும். அதற்கும் கீழே கூலி கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்புக்குச் சமம் என்று உச்ச நீதிமன்றம் 1982-லேயே, டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமான வழக்கில் சொல்லிவிட்டது.

ஜாப் ஒர்க் ரேட்டில் இது கட்டுப்படியாகாது என்பீர்கள். உங்கள் நெருக்கடி உண்மையானது, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கடந்த எட்டு வாரத்தில் ஞாயிறு அரை நாள் வேலையால் கிடைத்த பீஸ் எத்தனை, திங்கட்கிழமை ஆள் வராமல் போன பீஸ் எத்தனை, ஞாயிற்றுக்கிழமைப் பீஸில் ஆல்ட்டர் (பிழையால் திருத்தத் திரும்பி வருவது) எத்தனை? இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதினால், ஞாயிற்றுக்கிழமை விடுமுறையை நீங்களே அறிவிப்பீர்கள் என்றுதான் நினைக்கிறேன்.

அந்த டெய்லரை அனுப்புவதற்கு முன்

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

ஒன்பது வருடமாக ஓவர்லாக் என்ற தையல் மெஷினில் உட்கார்ந்தவர். நான்கு மாதத்துக்கு முன் சூப்பர்வைசர் அவரை ஃபிளாட்லாக் என்ற வேறு வகை மெஷினுக்கு மாற்றினார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்போதிருந்துதான் வேகம் குறைந்தது. பழகாத மெஷினில் வேகம் குறையத்தான் செய்யும். ஏன் மாற்றினார்? உங்களிடம் கேட்டாரா? எதிர்த்துப் பேசுகிறார் என்று உங்களுக்குச் சொன்னது யார்? என்ன பேசினார் என்று அவர் வாயால் ஒரு முறையாவது கேட்டீர்களா? அந்த இரண்டு பிள்ளைகளும் நின்றது மெஷின் மாற்றத்துக்கு முன்பா, பின்பா?

எனக்குப் பதில் தெரியாது. சூப்பர்வைசர் தவறு செய்தார் என்று இங்கே உட்கார்ந்துகொண்டு நான் தீர்ப்புச் சொல்லவும் கூடாது. ஆனால் உடன் வேலை பார்க்கும் இளம்பெண்களிடம் இரட்டை அர்த்தத்தில் பேசுவதைச் சுபாவம் என்று விட்டுவிட முடியாது. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013, விரும்பத்தகாத பாலியல் பேச்சையும் துன்புறுத்தலாகத்தான் கணக்கில் எடுக்கிறது. கைபட்டால்தான் குற்றம் என்பது நம் ஊரில் பலருக்கும் உள்ள தவறான எண்ணம். அதற்கு மறுப்புச் சொன்ன பெண்ணுக்கு வேலையில் கஷ்டம் கொடுத்தால் அதுவும் இதில் சேரும். மெஷின் மாற்றம் அப்படி நடந்ததா என்று தெரியாமல் அவரை வெளியே அனுப்பினால், நாளை அவர் புகார் கொடுக்கும்போது பழிவாங்கியவர் என்ற இடத்தில் உங்கள் பெயர்தான் இருக்கும்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும், இந்தப் புகார்களை விசாரிக்க உள்ளக புகார் குழு இருக்க வேண்டும். உங்களிடம் இல்லை. அமைக்காமல் இருப்பதற்கே 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. செக்கிங்கைப் பார்த்துக்கொள்ளும் அந்த மூத்த பெண்மணி, நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், தலைவராக இருக்கத் தகுந்தவர். ஊழியர்களில் இன்னும் இரண்டு பேர், வெளியிலிருந்து பெண்களுக்காக வேலை செய்யும் தொண்டு நிறுவனத்தைச் சேர்ந்த ஒருவர். மொத்தத்தில் பாதிக்குக் குறையாமல் பெண்கள். வெளி உறுப்பினர் கிடைக்காவிட்டால் மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் கேளுங்கள். சூப்பர்வைசரோ அவருக்கு உறவானவர்களோ குழுவில் இருக்கக் கூடாது.

அந்தப் பெண்ணிடம் நீங்கள் பேசுங்கள். லைனுக்கு நடுவில் வேண்டாம், சூப்பர்வைசர் இருக்கும்போது வேண்டாம், கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்து எல்லோரும் பார்க்கிற மாதிரியும் வேண்டாம். "மெஷின் மாத்துனதுல உங்களுக்குக் கஷ்டமா இருக்குங்களா? லைன்ல வேற ஏதாவது சிரமம் இருந்தா என்கிட்டச் சொல்லலாம்" என்ற அளவில் ஆரம்பியுங்கள். முதல் நாளே சொல்ல மாட்டார். முதலாளியம்மா அண்ணா என்று கூப்பிடுகிற ஆளைப் பற்றி முதலாளியம்மாவிடமே சொல்வது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று யோசியுங்கள். சொன்னால், குறுக்கே பேசாமல் கேளுங்கள். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

அவர் புகார் கொடுக்க விரும்பினால் சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். எழுதத் தெரியாவிட்டால் எழுதிக் கொடுப்பது குழுவின் கடமை. விசாரணை 90 நாளுக்குள் முடிய வேண்டும். யார், என்ன என்ற விவரம் வெளியே போகக் கூடாது, டீக்கடை வரைக்கும் போகக் கூடாது. அப்பா காலத்து முறையில் இருவரையும் கூப்பிட்டு, நாலு பெரியவர்களை வைத்துப் பேசி, ஏதோ பணம் கொடுத்து முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சமரசம் என்பது அந்தப் பெண் தானாகக் கேட்டால் மட்டும்தான், அதிலும் பணம் அடிப்படையாக இருக்கக் கூடாது என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. சூப்பர்வைசர் பக்கமும் முழுமையாகக் கேட்கப்பட வேண்டும். அவர் தவறு செய்யாதவர் என்றால், ஊர் வாயிலிருந்து அவரைக் காப்பாற்றப் போவதும் ஒழுங்காக நடந்த இந்த விசாரணைதான்.

சரி, அப்படி எதுவுமே இல்லை, அந்த டெய்லர்தான் வேண்டுமென்றே வேலையைக் கெடுக்கிறார் என்றே தெரிந்தால்? அப்போதும் "நாளைக்கு வராதே" என்று சொல்லி அனுப்ப முடியாது. என்ன தவறு, எந்தத் தேதி என்று குறிப்பிட்டுத் தமிழில் மெமோ கொடுங்கள். விளக்கம் சொல்ல அவகாசம் கொடுங்கள். திருப்தி இல்லையென்றால் உள் விசாரணை, அதில் அவர் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யலாம். புகார் சொன்னவரே விசாரணை அதிகாரியாக இருக்கக் கூடாது. தண்டனை தவறின் அளவுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். ஒன்பது வருடத்தில் முதல் தவறு என்றால் நேராக வேலை நீக்கம் என்பது தொழிலாளர் நீதிமன்றத்தில் நிற்பது கஷ்டம்.

தவறு எதையும் காட்டாமல் கணக்கு முடித்து அனுப்புவது சட்டத்தின் கண்ணில் ஆட்குறைப்பு. ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், ஒவ்வொரு வருட வேலைக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடு, அது போகப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) தனி. கடைசியாக மாதம் 13,000 ரூபாய் வாங்கினார் என்றால் அதை 26 ஆல் வகுத்து 15 ஆல் பெருக்கினால் 7,500. ஒன்பது வருடத்துக்கு 67,500 ரூபாய் பணிக்கொடை மட்டும். பீஸ் ரேட் ஆளாக இருந்தால் கடைசி மூன்று மாத வருமானத்தின் சராசரியை எடுக்க வேண்டும். சூப்பர்வைசர் சொன்ன "கணக்கு" இதுவாக இருக்காது.

என் யோசனை: அவரை இந்த வாரமே ஓவர்லாக்குக்குத் திருப்பி அனுப்புங்கள்.

சூப்பர்வைசரிடம் எப்படிப் பேசுவது

பெண்களிடம் பேசி, குழுவையும் அமைத்த பிறகுதான் இது. முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிட்டால், மறுநாள் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஒருவேளை எழுத்துப்பூர்வமான புகாரே வந்துவிட்டால், இந்தப் பேச்சை நிறுத்திவைத்து முதலில் விசாரணையை முடியுங்கள். விசாரணை நடக்கும்போது அந்தப் பெண் கேட்டால் இருவரில் ஒருவரை வேறு இடத்துக்கு மாற்றவோ, அவருக்குச் சம்பளத்தோடு மூன்று மாதம் வரை லீவு கொடுக்கவோ குழு பரிந்துரைக்கலாம்.

புகார் இல்லாத நிலையிலும் அவருடைய அதிகாரத்தைப் பிரித்தே ஆக வேண்டும். சம்பளம், லீவு, முன்பணம், ஆள் சேர்ப்பது, நிறுத்துவது ஆகிய ஐந்தும் உங்களிடம் வர வேண்டும். லைன் ஓட்டம், தரம், டார்கெட், யாருக்கு எந்த மெஷின் என்பது அவரிடம். மெஷின் மாற்றம் மட்டும் காரணத்தோடு உங்களுக்கு எழுதிக் கொடுத்த பிறகு. பதினேழு வருடம் உழைத்த மனிதரை எல்லோர் முன்னாலும் குறைத்துப் பேசக் கூடாது. தனியாக உட்கார வைத்து, "அண்ணா, அப்பா வந்துட்டிருந்தப்ப எல்லாத்தையும் நீங்களே இழுத்துப் போட்டுப் பாத்தீங்க. இப்ப பையர் ஆடிட்டுக்கு ஒவ்வொண்ணுக்கும் ரெஜிஸ்டர் கேக்கறாங்க. சம்பளம், லீவு, அட்வான்ஸ் இதெல்லாம் இனி ஆபீஸ்ல நான் பாத்துக்கறேனுங்க. லைன் உங்க பொறுப்பு" என்று சொல்லலாம். இதில் பொய் எதுவும் இல்லை. ஏற்றுமதிக்காரர்களின் ஆடிட் ஜாப் ஒர்க் யூனிட் வரைக்கும் வருகிறது, ஆதார் கார்டு பிடித்து வைத்ததும் ஓவர்டைம் கணக்கும் அவர்கள் முதலில் பார்க்கிற விஷயங்கள். ஒன்றை மட்டும் நேராகவே சொல்லிவிடுங்கள்: பெண்களிடம் அந்த மாதிரிப் பேச்சு இனி இந்தக் கம்பெனியில் கிடையாது. இதைச் சுற்றி வளைத்துச் சொன்னால் போய்ச் சேராது.

அவருக்கும் ஒரு தாளில் பொறுப்புகளை எழுதிக் கொடுங்கள். வாரம் ஒரு முறை அரை மணி நேரம் உட்கார்ந்து, எத்தனை பேர் வரவில்லை, ஏன், எந்த லைனில் ஆல்ட்டர் அதிகம் என்று பாருங்கள். அவர் சொல்வதை ரெஜிஸ்டரோடு ஒப்பிடுங்கள். சூப்பர்வைசரைக் கண்காணிப்பது இப்படித்தான்.

கேமரா வைப்பது குற்றமில்லை. கழிப்பறைப் பக்கமும் பெண்கள் உடை மாற்றும் இடத்திலும் இருக்கவே கூடாது, இருந்தால் அது கிரிமினல் வழக்கு. நீங்கள் வைத்திருப்பதில் ஏதாவது அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். ஆனால் கேமராவை வைத்து ஆட்களை மேய்ப்பதை விட்டுவிடுங்கள். ஒரு டெய்லர் சும்மா உட்கார்ந்திருப்பது உங்கள் போனில் தெரிகிறது. கட்டிங்கிலிருந்து பண்டில் வரவில்லை, கோன் நூல் தீர்ந்துவிட்டது, மெக்கானிக் வரவில்லை என்பது தெரிவதில்லை. நீங்கள் போன் செய்ததும் சூப்பர்வைசர் போய் அவரைத் திட்டுகிறார். காரணம் அப்படியே இருக்கிறது. அதற்குப் பதில் ஒவ்வொரு லைன் முன்னாலும் ஒரு போர்டு வைத்து, மணிக்கு எத்தனை பீஸ், குறைந்தால் என்ன காரணம் என்று எழுதச் சொல்லுங்கள். காலை எட்டரைக்கும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் நீங்களே ஒரு சுற்று வாருங்கள். அப்பாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதால் முழு நாளும் இருக்க முடியாது, புரிகிறது. அந்த இரண்டு சுற்றும் தவறாமல் நடந்தால் போதும். 46 பேர்தானே, பெயர் சொல்லிக் கூப்பிடலாம்.

விதிகளையும் ஒரே தாளில் தமிழிலும் இந்தியிலும் எழுதி ஒட்டுங்கள். ஒடிசா ஆட்கள் அதிகமானால் ஒடியாவிலும். வேலை நேரம், டீ நேரம், லீவு யாரிடம் எப்படிக் கேட்பது, தாமதத்துக்கு எவ்வளவு கழியும், சம்பளம் எப்போது, புகார் யாரிடம். அது சூப்பர்வைசருக்கும் உங்களுக்கும் சேர்த்தே பொருந்த வேண்டும்.

பி.எஃப்., இ.எஸ்.ஐ.

பீஸ் ரேட்டுக்குத் தேவையில்லை என்பது தவறு. கான்ட்ராக்டர் மூலம் வந்தவர்களும் கணக்கில் வருவார்கள். இருபது பேர் இருந்தால் பி.எஃப்., பத்துப் பேர் இருந்தால் இ.எஸ்.ஐ. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் எல்லோரும் இ.எஸ்.ஐ.க்குள் வருவார்கள். தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், உங்கள் பங்கு 3.25 சதவீதம். ஒரு விபத்து நடந்து, அந்த ஆளுக்கு இ.எஸ்.ஐ. இல்லையென்றால் மருத்துவச் செலவும் இழப்பீடும் உங்கள் தலையில் விழும். மீதி 32 பேரையும் சேருங்கள். பழைய பாக்கிக்கு வட்டியும் சேதத் தொகையும் வரலாம் என்பதால், ஆய்வாளர் வருவதற்கு முன் நல்ல கன்சல்டன்ட் ஒருவரை வைத்துக் கணக்கெடுத்து நீங்களாகவே போய்க் கட்டுவதுதான் செலவு குறைந்த வழி.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் செய்ய முடியாது. ஆதார் கார்டுகளும் அந்தப் பெண்ணின் மெஷினும் இந்த வாரம். குழுவும் விதித் தாளும் இந்த மாதத்துக்குள். பிடித்து வைத்த வாரச் சம்பளத்தை ஒரே தடவையில் கொடுக்கப் பணம் இல்லையென்றால், தேதி போட்டு எல்லோரிடமும் சொல்லி இரண்டு மூன்று சனிக்கிழமைகளில் பிரித்துக் கொடுங்கள். பாதியில் நிறுத்திவிடாதீர்கள். அந்தப் பெண்ணிடம் பேசும்போது ஏதாவது கடுமையான விஷயம் வெளியே வந்தால், அடுத்த கடிதம் வரை காத்திருக்காமல் அன்றைக்கே ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள். அவருக்கு உடனடி உதவி தேவைப்பட்டால் 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.